ரிப்பன் பண்ணையார்

தும்மல் வந்தால் ரிப்பன் பண்ணையார் முதலில் திசை பார்ப்பார். இடப்பக்கம் தும்மினால் அது அண்ணன் நிலத்தில் போய் விழும். பேச்சுவார்த்தை அறுந்து ஆறு வருஷமாகிறது. இந்த நிலையில் அண்ணன் ஒரு தும்மலை எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. வலப்பக்கம் தும்மினால் தம்பி நிலம். தம்பி வெங்காயம் போட்டிருக்கிறார். நாளைக்கு வெங்காயம் அழுகினால் 'அன்னைக்கு நீ தும்முனியே' என்று சொல்லக் கூசாத ஆள். ஆகவே பண்ணையார் மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, நிலத்தின் நீளவாக்கில் திரும்பி, சாலையைப் பார்த்து நின்று, அதன் பிறகுதான் தும்முவார். அந்தத் திசையில் அவருக்கு அரை மைல் தூரம் சொந்தம். அகலவாக்கில் ஒன்பதே அடி.

பெயரை வைத்தவர் டிராக்டர்காரர். முதல் தடவை உழ வந்தபோது சாலையில் வண்டியை நிறுத்தி, வாய்க்கால் வரைக்கும் நீண்டு கிடந்த அந்த ஒன்பதடியைப் பார்த்துவிட்டு, "இது நிலமா, ரிப்பனா?" என்று கேட்டார். பண்ணையார் கோபித்துக்கொள்ளவில்லை. "ரிப்பனை விடுங்க. கூடவே பண்ணையார்னு ஒரு வார்த்தை சேர்த்தான் பாருங்க, அதுக்குத்தான் நான் இன்னும் அவனையே கூப்பிடுறேன்" என்பார். அறுபத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு. குனிந்து களை எடுக்கும்போதுகூட நீளவாக்கில்தான் குனிவார்.

அவர்கள் குடும்பத்தில் நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பிரிக்கும் வழக்கமே கிடையாது. ஒரு முனையில் வாய்க்கால், மறு முனையில் சாலை. யாருக்கும் தண்ணீர் இல்லாமல் போகக் கூடாது, யாருக்கும் வண்டிப் பாதை இல்லாமல் போகக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு நல்ல மனுஷர் யோசித்து, எப்போதும் நீளவாக்கில்தான் பிரிக்க வேண்டும் என்று ஏற்படுத்திவிட்டுப் போனார். அவர் யோசிக்காதது ஒன்றுதான். அந்தக் குடும்பத்தில் பிள்ளைப்பேறுக்கு ஒரு நாளும் பஞ்சமில்லை. தாத்தாவுக்கு இருநூற்றுப் பதினாறு அடி அகலம் இருந்தது, நான்கு பிள்ளைகள். அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு அடி வந்தது, ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரில் நான்காமவர் நம் பண்ணையார்.

ஒன்பதடியில் விவசாயம் செய்வதற்கென்று சில நடைமுறைகள் உண்டு. தோளில் நீளக் கழியை வைத்துக்கொண்டு அவர் சட்டென்று திரும்ப மாட்டார். திரும்பினால் ஒரு முனை அண்ணன் நிலத்திலும் மறு முனை தம்பி நிலத்திலும் அத்துமீறும். முதலில் கழியைச் செங்குத்தாக நிறுத்தி, அதைச் சுற்றித் தான் திரும்பி, பிறகு தோளில் சாய்த்துக்கொள்வார். பழக்கம் முற்றிப்போய், வீட்டுக் கூடத்தில் விளக்குமாற்றை எடுத்தாலும் அப்படித்தான் செய்கிறார். பார்ப்பவர்களுக்கு ஏதோ அணிவகுப்பு நடக்கிற மாதிரி இருக்கும்.

விதைக்கிற நாளில் காற்றடித்தால் அவர் மனைவிக்கும் வேலை உண்டு. விதை பறந்து பக்கத்து நிலத்தில் விழாமலிருக்க, அந்த அம்மாள் ஒரு பழைய போர்வையைக் கைகளை அகட்டி விரித்துப் பிடித்துக்கொண்டு, பண்ணையாருக்கு இணையாக அரை மைல் போய் அரை மைல் திரும்பி வர வேண்டும். "விதைக்குக் குளிருதாம், போர்வை பிடிக்கிறேன்" என்று எதிரே வருபவர்களிடம் சொல்லிக்கொண்டே நடப்பார். அவருக்கு ஒரே ஒரு ஆற்றாமை உண்டு. "எங்க அப்பா நிலம் சதுரமா இருக்கும். மூலைன்னு ஒண்ணு இருக்கும். வேலை முடிஞ்சா மூலையில போய் உக்காருவோம். இங்க வந்து முப்பத்தெட்டு வருஷமா நேரா போறேன், நேரா வரேன். வாழ்க்கையில ஒரு தடவையாவது வளைஞ்சு நடக்கணும்."

டிராக்டர்காரர் பாடு அதைவிட மோசம். வாய்க்கால் முனையில் வண்டியைத் திருப்ப இடமில்லை. திருப்பினால் மூன்று பேர் நிலத்தில் சக்கரம் ஏறி மூன்று சண்டை வரும். ஆகவே சாலையிலிருந்து உழுதுகொண்டே போகிறவர், முனைக்குப் போனதும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு அரை மைலும் பின்பக்கமாகவே வருவார். அவர் கழுத்து முழுக்கப் பின்னால் திரும்பியிருக்கும். பண்ணையார் வண்டிக்குப் பின்னால் ஓடி ஓடி, "வா, வா, லெஃப்டுல நாலு விரக்கடை, அய்யோ அவ்வளவு வேணாம், ரைட்டுல ரெண்டு" என்று வழி சொல்வார். உழுது முடித்த அன்று டிராக்டர்காரருக்கு ஒரு புட்டி கழுத்துவலித் தைலம் கொடுத்தனுப்புவது மரியாதை.

பண்ணையாரின் பெருமையெல்லாம் வரப்பில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், அண்ணன் வரப்பை நான்கு விரல் அகலம் செதுக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று இவருக்குத் தோன்றியது. இவர்தான் செதுக்கினார் என்று அண்ணனுக்குத் தோன்றியது. பேச்சு நின்றது. அன்று முதல் ஒவ்வொரு பருவத்திலும் பண்ணையார் தன் நிலத்து மண்ணையே வெட்டியெடுத்து வரப்பின் தன் பக்கத்தில் அப்பி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டிப் பலப்படுத்தினார். மறுநாள் அண்ணன் தன் மண்ணை எடுத்துத் தன் பக்கம் அப்புவார். இந்த யோசனை நல்லதாகத் தோன்றவே மற்ற சகோதரர்களும் தங்கள் தங்கள் வரப்பில் அதையே செய்தார்கள். "என் வரப்புல எதிரும் புதிருமா ரெண்டு பேரு உரசாம போகலாம். இந்த வட்டாரத்துல இப்படி ஒரு வரப்பை யாராவது காட்டட்டும்" என்று பண்ணையார் நெஞ்சை நிமிர்த்துவார். மனைவி மட்டும், "உழக்குக்குள்ள கிழக்கு மேற்கு பார்க்கிற குடும்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

வீட்டில் ஒன்பது பேர். பண்ணையாரும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், மூத்தவனுக்கு மூன்று குழந்தைகள். ஒன்பதடிக்கு ஒன்பது வாய். அடிக்கு ஒரு வாய் என்கிற இந்தப் பொருத்தத்தை அவர் யாரைப் பார்த்தாலும் சொல்வார். விளைந்தது வீட்டுக்கு வரும், குதிர் நிறையும், அடுத்த விளைச்சல் வரும்போது அடியில் நான்கு படி தேறும். அவ்வளவுதான் அவருடைய ஐசுவரியம். கடைக்குப் போய்த் தானியம் வாங்கியதில்லை என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும்.

இளைய மருமகள் முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்த அன்று, இளையவன் வாசலில் நின்று இரண்டு விரலைக் காட்டினான். பண்ணையார் துள்ளிக் குதித்தார். தெருவில் போனவரை நிறுத்தி, "ரெட்டைய்யா, ரெட்டை" என்றார். டிராக்டர்காரர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் நிலத்துக்குப் போனவர், அகலவாக்கில் ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டி வைத்து அளந்து பார்த்தார். ஒன்பதுதான் வந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் காலைச் சுருக்கி வைத்து அளந்தார். ஒன்பதுக்கு மேல் ஒரு கட்டைவிரல். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தால் மனுஷன் வேறு என்னதான் செய்வான்.

அன்றிலிருந்து பேரப்பிள்ளைகளின் தோளைச் சாணால் அளக்க ஆரம்பித்தார். ஒன்பதில் பாதி நாலரை. நாலரையை மூன்றாக்கினால் ஆளுக்கு ஒன்றரை அடி. பெரிய பேரன் எட்டு வயதிலேயே அகலமாக வளர்ந்துகொண்டிருந்தான். "டேய், இப்படியே போனா உன் நிலத்துல நீயே அடங்க மாட்ட. ஒருக்களிச்சு நின்னுதான் களை எடுக்கணும்" என்றார். பேரன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஒருக்களித்தே நடந்து போனான். வாத்தியார் ஆளனுப்பி, பிள்ளைக்கு இடுப்பில் ஏதாவது பிசகா என்று விசாரித்தார்.

இந்தச் சமயத்தில்தான் இளையவன் வாயைத் திறந்தான். அவன் சந்தையில் டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். பேச்சு குறைவு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "அப்பா, பாகத்தைப் பிரிச்சிடலாம்பா" என்றான்.

பண்ணையார் கேட்காத மாதிரி பல் குத்தினார்.

"நான் ஒண்ணும் சண்டைக்குக் கேட்கல. ரெண்டு பிள்ளைங்க வருது. அண்ணனுக்கு மூணு. நாளைக்கு இவங்க அஞ்சு பேரும் இது உன்னுது என்னுதுன்னு நிக்கக் கூடாது. என் பிள்ளைங்களுக்குன்னு ஒரு பிடி மண்ணு இன்னதுன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்."

"நாலரை அடிடா."

"நாலரையோ நாலோ. என்னுதுன்னு இருக்கணும்."

மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டு, "அவன் சொல்றதும் நியாயந்தான்பா" என்றான். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தாலாவது பெரியவராக நின்று அதட்டலாம். ஒற்றுமையாக வந்து பாகம் கேட்கிறவர்களை எப்படி அதட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் டிராக்டர்காரரைப் போய்க் கேட்டார். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "என் கலப்பை ஆறடி. உங்க சின்னவர் நிலம் நாலரை அடி. நான் ஓட்டணும்னா ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு சர்க்கஸ்காரன் மாதிரி ஓட்டணும். ஒன்பதடி வரைக்கும் தைலத்தோட போச்சு. இதுக்கு நான் வரமாட்டேன், என் கழுத்தும் வராது."

உழவில்லாத நிலம் என்னவாகும் என்று பண்ணையாருக்குத் தெரியும். அவருடைய பெரியப்பா வழியில் பேரப்பிள்ளைகள் பதினெட்டுப் பேர். ஐம்பத்து நான்கு அடியைப் பதினெட்டாக்கி ஆளுக்கு மூன்றடி வாங்கிக்கொண்டார்கள். மூன்றடியில் எவரும் உழவில்லை. புல் முளைத்தது, ஆள் நடந்தார்கள், சைக்கிள் போயிற்று. இன்று அதற்குப் 'பெரியப்பா சந்து' என்று பெயர். ஆனால் பண்ணையாரின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் சந்து இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் பாலம் போய், கடையில் பதினெட்டு நாள் தானியம் இல்லை. அப்போது பெரியப்பா மகன் ஒருவர் காலிக் கோணியோடு இவர் வாசலில் வந்து நின்றார். "என்னைவிட நாலு வயசு மூத்தவரு. வாயைத் திறந்து கேட்கல. கோணியை மட்டும் பிரிச்சுப் பிடிச்சாரு. என் கண்ணைப் பார்க்கவே இல்ல" என்று மனைவியிடம் இப்போதும் சொல்லுவார். குதிரிலிருந்து அள்ளிப் போட்டார். அன்று போட்டாயிற்று. நாளைக்குத் தன் பிள்ளைகள் யார் வாசலில் கோணியைப் பிரிப்பார்கள்? அதுதான் அவரைத் தின்றது.

புத்தியால் சொன்னால் கேட்க மாட்டார்கள், பட்டால்தான் தெரியும் என்று ஒரு யோசனை செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிற்றுக் கண்டை எடுத்துவந்து, முன்வாசல் நிலைப்படியில் ஒரு முனையைக் கட்டினார். கூடத்தின் நடுவே இழுத்து, அடுக்களை வழியாகக் கொண்டுபோய்ப் பின்வாசலில் மறு முனையைக் கட்டினார். "இந்தப் பக்கம் பெரியவன், அந்தப் பக்கம் சின்னவன். நீளவாக்குல பிரிச்சாச்சு. இன்னைக்குப் பூரா அவனவன் பாகத்துலயே இருந்து பாருங்க" என்று அறிவித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலியின் நடுவிலும் கயிறு போயிற்று. அடுப்பு பெரியவன் பக்கம். தண்ணீர்க் குடம் சின்னவன் பக்கம். மத்தியானத்துக்குள் வீடு குருக்ஷேத்திரமாகிவிடும், மாலைக்குள் இரண்டு பேரும் வந்து 'பாகமே வேண்டாம்பா' என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

குடும்பமோ அமர்க்களமாகக் குடித்தனம் நடத்தியது. குடத்திலிருந்து தண்ணீர் கயிற்றுக்கு மேலாக இந்தப் பக்கம் வந்தது. வெந்த சோறு கயிற்றுக்கு மேலாக அந்தப் பக்கம் போனது. குழந்தைகள் கயிற்றின் நடுவில் சோதனைச்சாவடி வைத்து, கடக்கிறவர்கள் ஒரு விடுகதைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மூத்த மருமகள் தன் பக்கத்துக் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "கல்யாணமாகி பத்து வருஷத்துல இப்பதான் எனக்குன்னு ஒரு சுவரு கிடைச்சிருக்கு" என்று ஓர் ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டினாள். இளைய மருமகள் கால் நீட்டி உட்கார்ந்தபோது வயிறு கயிற்றைத் தாண்டியது. பெரிய பேரன் ஓடிவந்து, "சித்தி, ஆக்கிரமிப்பு" என்று கத்தினான்.

"வரட்டும்டா. வர்றது ரெண்டும் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே" என்று மூத்தவள் கயிற்றைத் தூக்கி அவள் வயிற்றுக்கு இடம் விட்டாள்.

அன்றைக்குக் கயிறு தடுக்கி விழுந்தவர் ஒரே ஒருவர்தான். விழுந்ததும் நீளவாக்கில்தான் விழுந்தார். மனைவி முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, "தான் வெட்டின குழின்னு சொல்வாங்களே, இது தான் கட்டின கயிறு" என்றார். டிராக்டர்காரருக்கு வாங்கி வைத்திருந்த தைலத்தில் பாதி அதற்கே போயிற்று.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பிள்ளைகள் மனு கொடுத்துக் கூப்பிட்டிருந்த நிலம் அளக்கும் அம்மா வந்தார். தலையில் அகலத் தொப்பி, கையில் இரும்புச் சங்கிலியும் நாடாவும், வண்டியில் இரண்டு எல்லைக்கல். அளவு எடுக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அண்ணன் தன் நிலத்தில் கைகட்டி நின்றார். அவருக்கும் மூன்று பிள்ளைகள். அவர் வீட்டிலும் பாகப் பேச்சு நடப்பதாக ஊரில் கேள்வி. தம்பி வெங்காயத்துக்கு நடுவில் நின்றார்.

"ஓரத்துல இருக்கிற பழைய கல்லுல இருந்துதான் ஆரம்பிக்கணும். அஞ்சு பேரு நிலத்தையும் அளந்தாத்தான் உங்களுது சரியா வரும்" என்றார் அந்த அம்மா. மூத்தவன் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தான்.

"பார்த்து அளக்கச் சொல்லுங்க. செதுக்குற கை சும்மா இருக்காது" என்றார் அண்ணன், அந்த அம்மாவிடம்.

"எந்தக் கைன்னு நாடாவுக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்றார் பண்ணையார், அதே அம்மாவிடம். இரண்டு பேருக்கும் நடுவில் வரப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"நான் அளக்க வந்தேன், தூது போக வரல" என்று அந்த அம்மா ஒவ்வொரு நிலமாக, ஒவ்வொரு வரப்பாக அளந்து எழுதிக்கொண்டே போனார். முடித்ததும் தொப்பியைத் தள்ளிவிட்டுக் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார்.

"பத்திரத்துல உங்க அப்பா நிலம் ஐம்பத்து நாலு அடி. நான் அளந்ததும் ஐம்பத்து நாலுதான். மண்ணை யாரும் திருடல. அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒன்பதடி இருக்கு. அது நாப்பத்தஞ்சு. மீதி ஒன்பதடி உங்க ஆறாவது சகோதரர்கிட்ட இருக்கு."

அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். தம்பி வெங்காயத்தை மிதித்துவிட்டார். பண்ணையார் முகம் வெளுத்துப்போய், மெல்ல, "எங்க அப்பா அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா" என்றார்.

"அவரு சொல்றது சரிதான். அப்பா தங்கம்" என்றார் அண்ணன். ஆறு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வரப்பைச் சொல்றேன்யா. நாலு வரப்பு. ஒவ்வொண்ணும் ரெண்டே கால் அடி. நாலும் சேர்ந்தா ஒன்பது. அரை அடி இருக்க வேண்டிய வரப்பு. விதைக்கிறதில்ல, களை எடுக்கிறதில்ல, ஆனா அப்பா சொத்துல உங்க அளவுக்குச் சரியா பங்கு வாங்கிட்டாரு."

"வேலி பயிரை மேயும்னு கேள்விப்பட்டிருக்கேன். வரப்பு மேயுறதை இப்பதான் பார்க்கிறேன்" என்றார் பண்ணையாரின் மனைவி.

பண்ணையார் குனிந்து வரப்பைப் பார்த்தார். ஆறு வருஷம், பருவத்துக்குப் பருவம், இடுப்பு ஒடியத் தன் மண்ணை வெட்டித் தானே அப்பியது. அண்ணன் நான்கு விரல் தின்றுவிடுவார் என்று பயந்து, அடிக் கணக்கில் தானே ஊட்டியிருக்கிறார். எதிரும் புதிருமாக ரெண்டு பேர் நடக்கலாம் என்று சொன்ன தன் வாயை நினைத்து அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை நிமிர்த்தினால் அண்ணனும் அதே வரப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதும் சிவந்திருந்தது.

"வரப்பே இல்லாம அஞ்சும் ஒண்ணா கிடந்தா டிராக்டரு வட்டம் போட்டுத் திரும்பும். வெளஞ்சதைப் பங்கு போட்டுக்கலாம், மண்ணைக் கூறு போட வேண்டியதில்ல" என்று அந்த அம்மா நாடாவைச் சுற்றினார். "அது உங்க இஷ்டம். எனக்குக் கல்லு நட்டுட்டுப் போகணும், வெயில் ஏறுது."

இளையவன் வண்டியிலிருந்து ஒரு கல்லை இறக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்து நின்றான். டயர் தூக்கிப் பழகிய கை, கல் கனக்கவில்லை. ஆனால் அவன் குரல் கனத்திருந்தது. "அப்பா, என்ன செய்யட்டும்? நட்டுடவா?"

"கொஞ்சம் அப்படியே வச்சிக்கிட்டு நில்லுடா" என்றார் பண்ணையார்.

சாலையோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் அண்ணன் ஓரடி பின்வாங்கி, பிறகு மானம் கருதி அந்த ஓரடியைத் திரும்ப முன்னால் வைத்தார். தம்பி, "அண்ணே வேணாம்" என்று தன் நிலத்திலிருந்தே சமாதானம் பேசினார். பண்ணையார் யாரையும் பார்க்கவில்லை. வரப்பின் மேல் குறுக்கே சாண் போட்டு அளந்தார். சரி பாதியில் விரலால் ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டுக்குத் தன் பக்கத்தில் மண்வெட்டியைப் போட்டு ஓங்கி வெட்டினார். தட்டித் தட்டி இறுகிய மண் முதலில் அசையவில்லை. நான்காவது வெட்டில் பெயர்ந்து அவர் நிலத்துக்குள் பொலபொலவென்று சரிந்தது. வெட்டிக்கொண்டே ஆள் நீளத்துக்குப் போனார். மூச்சு வாங்கியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் மண்ணையும் தொடவில்லை.

பிறகு நிமிர்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மண்வெட்டியின் பிடியைத் துடைத்தார். பாதியாக நின்ற வரப்பின் மேல் அதைக் குறுக்கே கிடத்தி, பிடியை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தார்.